கிருமிகளின் வகுப்பும் தேசத்தின் பொறுப்பும்

வகுப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடன் நமது அரசியல்வாதிகளுக்கு உத்தியோகப் பங்கீடும் தேர்தல் தொகுதிகளும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் இன்று பிரஸ்தாபிக்க எடுத்துக்கொண்டது மனிதரின் வகுப்பன்று. கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளின் வகுப்பு. இது நிபுணர்களின் விஷயமாயிற்றே, பொதுஜன ஊழியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். எந்தக் கிருமியை எந்த வகுப்பில் வைப்பது என்ற தீர்மானத்தைப் பொறுத்தே, எந்த ஆராய்ச்சிசாலைக்குப் பணம் போகும், எந்த நோயாளியின் இரத்தம் எங்கே சோதிக்கப்படும், எந்த ஊழியனுக்குப் பாதுகாப்புக் கருவி கிடைக்கும் என்பனவெல்லாம் பெரும்பாலும் நிச்சயிக்கப்படுகின்றன. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வாதாட உரிமையுள்ள குடிகளுக்கு இதைப் பற்றிப் பேசவும் உரிமை உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1983-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிசாலைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1974-இல், அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்பு நிலையம் கிருமிகளை அபாயத்தின் அளவைக் கொண்டு பிரித்து ஒரு சிறு புத்தகம் பிரசுரித்திருந்தது. இவ்வழி வந்த முறையில் வகுப்புகள் நான்கு. ஆரோக்கியமான மனிதனுக்கு நோய் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லாதவை முதல் வகுப்பு. தயிரைத் தோய்க்கும் கிருமிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. நோய் தரும், ஆனால் மருந்தோ தடுப்போ உண்டு, ஊர் முழுவதும் பரவும் அச்சம் குறைவு என்பவை இரண்டாம் வகுப்பு. அகப்பட்டுக்கொண்ட மனிதனுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை, ஆயினும் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் வழியுள்ளவை மூன்றாவது. தனி மனிதனையும் சமூகத்தையும் ஒருங்கே வாரிக்கொள்ளக் கூடியவை, நம்பத்தக்க மருந்தும் தடுப்பும் சாதாரணமாகக் கிடைக்காதவை நான்காவது. எபோலா, மார்பர்க், நிபா ஆகியவை இக்கடைசி வகுப்பில் உள்ளன.

இதில் ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கிருமியின் கொடுமை மாத்திரம் அதன் வகுப்பை நிர்ணயிப்பதில்லை. வெறிநாய்க் கடியால் உண்டாகும் நோயின் குறிகள் தோன்றிவிட்ட பிறகு பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொல்லும் திறமையை மட்டும் பார்த்தால் இதற்கே முதல் ஸ்தானம் அளிக்க வேண்டும். அப்படியிருந்தும் அமெரிக்கப் பட்டியலில் இது இரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறது. தகுந்த காலத்தில் தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் காற்றில் பரவுவதில்லை, இவையே காரணம். இதே கிருமியை ஐரோப்பியப் பட்டியல் மூன்றாம் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் கதையும் இதுவே. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் மரபணு ஆராய்ச்சிக்கென வகுத்த விதிகளில் அது இரண்டாம் வகுப்பு. ஐரோப்பாவில் மூன்றாம் வகுப்பு. கிருமி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டும்போது அதன் குணம் மாறிவிடவில்லை. எண்ணிப் பார்த்தவர்களின் கண்ணோட்டமே மாறியது.

வாந்திபேதியை எடுத்துக்கொள்வோம். சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் நமது தேசத்தில் திருவிழாக்களிலும் பஞ்ச காலங்களிலும் லட்சக்கணக்கான ஜனங்களை வாரிச் சென்ற இந்நோயின் கிருமி, எல்லா நாடுகளிலும் இரண்டாம் வகுப்பில் சாதுவைப் போல் அமர்ந்திருக்கிறது. கிருமி சாதுவாகிவிட்டதா? இல்லை, சிகிச்சை கிடைத்துவிட்டது. 1959-இல் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே, இக்கிருமி ஒரு நஞ்சைச் சுரந்தே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயல்களைக் கொண்டு நிரூபித்தார். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமென வந்தபோது, போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய் பீப்பாயாகக் கலக்கி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, அவரது கண்காணிப்பில் இருந்தவர்களில் இறந்தோர் தொகை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஒரு கிருமியை இரண்டாம் வகுப்பில் நிறுத்தி வைத்திருப்பது சில சமயம் ஒரு குவளை நீர்தான். அந்தக் குவளையும் அதில் ஊற்றச் சுத்தமான நீரும் இல்லாத கிராமத்தில் அந்த வகுப்பின் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று பட்டியல் தயாரிப்பவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனமே, ஒவ்வொரு தேசமும் தன் நிலைமைக்கு ஏற்பத் தனக்கென ஒரு வகுப்புப் பட்டியல் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று தன் நூலில் சொல்லி வந்திருக்கிறது. அந்நோய் அந்நாட்டில் ஏற்கெனவே உண்டா, ஜனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டா, பரப்பும் பூச்சிகளும் பிராணிகளும் உண்டா, மருந்து கைக்கெட்டுமா என்பவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். நமது சர்க்கார் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் அபாயகரமான நுண்ணுயிர்களைப் பற்றி விதிகள் வகுத்து, அவற்றோடு ஓர் அட்டவணையும் சேர்த்தது. 2017-இல் உயிர்த்தொழில்நுட்ப இலாகா வழிகாட்டு முறைகளைப் புதுப்பித்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் பட்டியல் ஒன்று நம்மிடம் இருப்பதும், அது நமது மண்ணைப் பார்த்து எழுதப்பட்டதாயிருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

அபாயத்தை அளப்பவன் யார் என்ற கேள்வி நமது தேச சரித்திரத்தில் முன்பே ஒரு தடவை இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தலைகாட்டியது. 1897 பிப்ரவரியில் அந்நிய அதிகார வர்க்கம் தொத்து நோய்ச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றிற்று. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சிறு சட்டம் உத்தியோகஸ்தர்களுக்கு அளித்த அதிகாரமோ அளவற்றது. பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜையறை என்றும் பாராமல் சோதனையிட்டார்கள். பெண்டிரின் மானத்தையும் மதித்தார்களில்லை. 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் சுடப்பட்டார். திலகர் பெருமான் தமது பத்திரிகையில் எழுதியவற்றுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். கிருமியின் அபாயத்தை அளந்த அதே கை, ஜனங்களையும் அபாயம் என்றே அளந்தது. அந்தச் சட்டமே, திருத்தங்களோடு, 2020-இல் கொரோனாக் காலத்திலும் நமது சுதந்தர சர்க்காரின் கையில் ஆயுதமாயிருந்தது என்பதைத் தேசபக்தர்கள் மறந்துவிடலாகாது.

அந்நாளில் கிருமியோடு வேலை செய்தவர்களின் நிலை எப்படி இருந்தது? ருஷ்ய தேசத்து யூதரான ஹாப்கின், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையையும் தாழ்வாரத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டொரு சிப்பந்திகளோடு பிளேக் கிருமியை வளர்த்துத் தடுப்பு மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். இன்று அக்கிருமி மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அதை வளர்ப்பதற்கு இரட்டைக் கதவும், உள்நோக்கியே இழுக்கும் காற்றோட்டமும், வெளியேறும் காற்றை வடிகட்டும் யந்திரமும் வேண்டும். 1902-இல் பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் அவரது மருந்தைக் குத்திக்கொண்டவர்களில் 19 பேர் பிளேக்கால் அன்று, வில்வாத ஜன்னியால் மாண்டனர். பழி முழுவதும் ஹாப்கின் தலையில் விழுந்தது, பதவி போயிற்று. அவர்மீது குற்றமில்லை என்பது 1907-இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. உள்ளே இருந்த கிருமியின் மேல் எல்லாருடைய கண்ணும் இருந்தபோது, புட்டியைத் திறக்கையில் கீழே விழுந்த இடுக்கி ஒன்றே காரணமாயிருக்கலாம் என்று வாதிக்கப்பட்டது. எந்தப் பட்டியலும் இடுக்கிக்கு வகுப்பு கொடுப்பதில்லை.

இனி நமது காலத்துக்கு வருவோம். 2001-இல் வங்காளத்தின் வடகோடியிலுள்ள சிலிகுரியில் இனம் தெரியாத ஒரு மூளைக் காய்ச்சல் பரவியது. 66 பேர் நோயுற்றனர். அவர்களில் 45 பேர் இறந்தனர். விசாரித்தறிய முடிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆஸ்பத்திரியில் தொடர்பு கொண்டவர்கள். வைத்தியர்கள், தாதிகள், நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்கள். கொன்றது எது என்று அப்பொழுது எவருக்கும் தெரியவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைப் பிற்பாடு அமெரிக்க நிலையத்தின் உதவியோடு சோதித்த பிறகே அது நிபா என்று வெளிப்பட்டது. அந்த முடிவு அச்சேறியது 2006-இல். ஐந்து ஆண்டுகள்! மலேயா நாட்டில் ஒரு கிராமத்தின் பெயரால் 1999-இல் அறியப்பட்ட கிருமி, இரண்டே ஆண்டில் நமது வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் முகத்தைப் பார்க்க நமக்குக் கண்ணில்லை. நான்காம் வகுப்புக் கிருமி என்று பட்டியலில் எழுதத் தெரிந்த நமக்கு, அவ்வகுப்பைக் கையாளும் கூடம் ஒன்றுகூட மனித நோய்களுக்கென இல்லாதிருந்தது.

பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தில் நான்காம் படிக் கூடம் 2012 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்தபோது, அங்குள்ள வைத்தியர்கள் சந்தேகித்தார்கள். மாதிரி மணிப்பாலுக்கும் பூனாவுக்கும் சென்றது. சில நாட்களுக்குள் நிபா என்று முடிவு வந்தது. 17 பேர் மாண்டனர் என்பது துயரமே. இறந்தவர்களில் முதல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த இளந்தாதி ஒருவரும் உண்டு. ஆனால் நோய் அந்த அளவோடு கட்டப்பட்டது. சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை ஆராய்ச்சிசாலையில் கிடைத்த சுயராஜ்யம் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. தன் பிரஜையின் இரத்தத்தைச் சோதிப்பதற்குக் கப்பலையும் ஆகாய விமானத்தையும் எதிர்பார்த்திருக்கும் தேசம் கொடி ஏற்றியிருக்கலாம். முழு விடுதலை பெற்றதாகாது.

நமது நாட்டிலேயே பிறந்த கிருமியும் ஒன்று உண்டு. 1957-இல் மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சென்ற ஏழைகள் காய்ச்சலில் விழுந்தனர். உண்ணிகளால் பரவும் அந்நோயின் கிருமியை அமெரிக்கப் பட்டியல் நான்காம் வகுப்பில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு அது அந்நியக் கிருமி. வரவே கூடாத விருந்தாளி. அந்தக் காட்டோரத்தில் வசிப்பவனுக்கோ அது ஆண்டுதோறும் வரும் அறுவடைக் காலத்து அச்சம். ஒரே எண்ணை இருவரும் எழுதிக்கொண்டாலும் பொருள் ஒன்றாகுமா? எண்ணை மாத்திரம் கடன் வாங்கினால் மிகுந்த காவலுள்ள கூடம் ஒன்றை நகரத்தில் கட்டிவிட்டு, காட்டோரத்து ஆஸ்பத்திரியில் மாதிரி எடுப்பவனுக்குக் கையுறையைக்கூட மறந்துவிட நேரும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் நீக்க விரும்புகிறோம். பத்திரிகைகளில், நமது பத்திரிகையையும் சேர்த்தே சொல்லுகிறோம், கிருமியின் வகுப்பையும் கூடத்தின் படியையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் இருப்பதால் வந்த மயக்கம் இது. வகுப்பு விலங்கைப் பற்றியது. படி கூண்டைப் பற்றியது. உயிருள்ள புலிக்குக் கம்பிக் கூண்டு வேண்டும். புலித்தோலை மடித்து வைக்கப் பெட்டி போதும். கொரோனாக் கிருமி மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அதை உயிரோடு வளர்ப்பதானால் மூன்றாம் படிக் கூடம் அவசியம். ஆனால் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அக்கிருமியைச் செயலிழக்கச் செய்து அதன் அடையாளத்தை மட்டும் சோதிப்பதற்கு இரண்டாம் படி போதும் என்று கண்டார்கள். அதன் பலன் என்ன? 2020 ஜனவரியில் பூனாவில் ஒன்றே ஒன்றாயிருந்த சோதனைக்கூடம், ஜூன் மாத முடிவுக்குள் தேசமெங்கும் ஆயிரமாகப் பெருகிற்று. நமது கிண்டியில், 1899-இல் அம்மைப்பால் தயாரிப்பதற்கென ஏற்பட்ட கிங் இன்ஸ்டிட்யூட், தமிழ்நாட்டில் முதலில் இப்பணியை ஏற்றவற்றுள் ஒன்று. வகுப்பின் எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் லட்சக்கணக்கான மாதிரிகள் வரிசையில் கிடந்து அழிந்திருக்கும்.

2020-இல் வெளிவந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நான்காம் பதிப்பு இவ்வழியிலேயே இன்னும் ஒரு படி முன் சென்றது. இன்ன வகுப்புக் கிருமிக்கு இன்ன படிக் கூடம் என்ற இறுகிய கணக்கைத் தளர்த்தி, செய்யப்போகும் வேலை என்ன, செய்பவனின் பயிற்சி என்ன, அவ்விடத்து வசதி என்ன என்று பார்த்து அபாயத்தை நிறுக்கச் சொல்லுகிறது. க்ஷயரோகக் கிருமி மூன்றாம் வகுப்பு. ஆயினும் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்குக் காற்றோட்டமுள்ள மேஜையே போதும், அதே கிருமியை வளர்த்து மருந்துகளோடு சோதிப்பதானால் காவல் அதிகம் வேண்டும் என்பது இதற்கு முன்னரே, 2012-இல், அந்த ஸ்தாபனம் க்ஷயரோகச் சோதனைக்கூடங்களுக்கென்று சொன்ன விஷயம். இந்த நியாயத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டியிருக்கிறது. இறுகிய விதிக்கு ஒரு குணம் உண்டு: அது ஏழை ஊழியனுக்கும் பேசும். விதியில் எழுதியிருக்கிறது, ஆகையால் கொடு என்று அவன் கேட்கலாம். 'உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப' என்று எழுதிவிட்டால், உள்ளூரில் பணமில்லை என்பதே ஏற்பாகிவிடக் கூடும். நமது தேசத்தில் ஆண்டுதோறும் சுமார் மூன்று லட்சம் பேரைக் க்ஷயரோகம் கொண்டுபோகிறது. எபோலாவுக்கு அஞ்சிக் கட்டப்படும் கூடங்களைத் திறந்து வைக்க மந்திரிகள் வருகிறார்கள். ஜில்லாத் தலைநகரில் ஜன்னல் அடைபட்ட அறையில் சளி மாதிரிகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனின் அறைக்குக் காற்றாடி வேண்டுமென்ற விண்ணப்பம் இலாகா இலாகாவாக அலைகிறது. மூன்றாம் வகுப்புக் கிருமி, நான்காம் தரக் கட்டடம். தினந்தோறும் நடக்கும் அபாயத்துக்கு நாடா வெட்ட எவரும் வருவதில்லை.

உயர்ந்த கூடங்கள் மாத்திரம் தவறு செய்யாதவை என்று எண்ணவும் இடமில்லை. வைசூரி உலகத்தில் இயற்கையாக மனிதரைத் தாக்கிய கடைசித் தடவை 1977-இல், சோமாலியாவில். ஆனால் அந்நோயால் மாண்ட கடைசி மனிதர் ஆப்பிரிக்காவில் மாளவில்லை. 1978-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில் புகைப்பட வேலை பார்த்த ஒரு மாது அவர். ஆராய்ச்சிசாலை கீழ் மாடியில். அவரது அறை மேல் மாடியில். கிருமி எவ்வழியாக மாடி ஏறியது என்பது இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1979-இல், சோவியத் ருஷ்யாவில் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரத்து ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் தூள் காற்றில் கசிந்து அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கெட்டுப்போன மாமிசம் தின்றார்கள் என்று அந்த சர்க்கார் கூசாமல் சொல்லிற்று. 1992-இல் யெல்த்ஸின் வாயால்தான் உண்மை வந்தது. 2003, 2004 ஆண்டுகளில் ஸார்ஸ் நோய் அடங்கிய பின், சிங்கப்பூர், தைவான், பீகிங் ஆகிய மூன்று இடங்களிலும் அது ஆராய்ச்சிசாலைகளிலிருந்தே ஊழியர்களைப் பற்றியது. பீகிங்கில் ஓர் ஊழியரின் தாயார் உயிரிழந்தார். இவ்விபத்துகளில் எதிலும் கிருமியின் வகுப்பைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆகையால் வகுப்புப் பட்டியலோடு விபத்துப் பட்டியலும் வேண்டும். அது பகிரங்கமாயும் இருக்க வேண்டும். நமது கூடங்களில் நேரும் தவறுகளை, ஊழியனைத் தண்டிக்காமல், பதிந்து வெளியிடும் ஏற்பாடு ஒன்றைப் பார்லிமெண்டின் அங்கத்தினர்கள் கேட்டுப் பெற வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். ரகசியம் என்ற திரை கிருமியைத் தடுக்காது; கேள்வியைத்தான் தடுக்கும்.

கடைசியாக ஒரு விசித்திரம். நோய் அழிய அழியக் கிருமியின் வகுப்பு உயருகிறது. இளம்பிள்ளை வாதக் கிருமி நெடுங்காலம் இரண்டாம் வகுப்பில் இருந்து வந்தது. நமது தேசத்தில் அதன் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌரா ஜில்லாவில் காணப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச்சில் நாம் விடுதலை பெற்றதாகச் சான்று கிடைத்தது. அக்கிருமியின் மூன்று இனங்களில் இரண்டாவது இனம் உலகத்திலேயே இல்லையென்று 2015-இல் அறிவிக்கப்பட்டவுடன், அதை வைத்திருப்பதற்குப் புதிய கடுங்காவல் விதிகள் பிறந்தன. நேற்று வரை சாதாரண அலமாரியில் இருந்த புட்டி இன்று பொக்கிஷ அறைக்குப் போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும். அதோடு நிற்கவில்லை. வேறு வியாதிகளுக்காக என்றோ சேகரித்து உறைய வைத்த மல மாதிரிகளிலும் அக்கிருமி ஒளிந்திருக்கலாமென்பதால், எல்லா ஆராய்ச்சிசாலைகளும் தங்கள் பழைய குளிர்பெட்டிகளைக் குடைந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கின்றன. இது வீண் கவலை என்று எண்ணுவோர், அமெரிக்காவில் 2014 ஜூலையில் நடந்ததை அறிந்திருக்க மாட்டார்கள். வைசூரிக் கிருமி உலகத்தில் இரண்டே இடங்களில், அட்லாண்டாவிலும் சைபீரியாவிலுள்ள கோல்ட்ஸோவோவிலும், பூட்டப்பட்டிருப்பதாக எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், பெதஸ்டாவில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சிசாலையை இடம் மாற்றுகையில், குளிர் அறையில் ஓர் அட்டைப் பெட்டி அகப்பட்டது. அதற்குள் 1950-களில் அடைத்து வைத்த ஆறு வைசூரிக் குப்பிகள் இருந்தன. அவற்றில் இரண்டில் கிருமி உயிரோடிருந்தது.